செட் ஆகுமா, ஆகாதா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கில அகராதியில் ‘செட்’ என்ற சொல்லைத் தேடினாள். ஒரு பக்கம் முழுக்கப் பொருள்! “எதைம்மா மனப்பாடம் பண்றது?” என்கிறாள். இத்தனூண்டு சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்? நாம் ‘செட் ஆகலை’ என்கிறோமே, அதுவும் ஆங்கிலம்தானா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஒன்றையும் மனப்பாடம் பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளுடைய அகராதியாவது ஒரு பக்கத்தோடு விட்டது. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த வினைச்சொல்லுக்குச் சுமார் 430 பொருள்கள். விளக்கம் ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம்.

தமிழ் இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை படித்திருப்பாள்: திருந்தினான், திருத்தினான். பழைய ஆங்கிலத்திலும் இந்த வழக்கம் உண்டு. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. அதேபோல ‘சிட்’ என்றால் உட்கார். ‘செட்’ என்றால் உட்கார வை. இதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அலாரத்தை ஐந்து மணியில் உட்கார வைக்கிறோம். முறிந்த எலும்பை மருத்துவர் அதன் இடத்தில் உட்கார வைக்கிறார், ஆசாரி மோதிரத்தில் கல்லை. மாலையில் சூரியன் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஜூன் மாதம் கேரளத்தில் பருவமழை ‘செட் இன்’ என்று ஆங்கில நாளேடு எழுதினால், மழை வந்து அமர்ந்துவிட்டது, இப்போதைக்குக் கிளம்பாது என்று அர்த்தம். கான்கிரீட் ‘செட்’ ஆவதும் அப்படித்தான். காய்ந்து இறுகுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. கொத்தனார் நாள் தவறாமல் தண்ணீர் விடச் சொல்வது அதற்காகத்தான்.

எல்லாமே இந்தச் சாவிக்குத் திறக்காது. ‘செட் ஆஃப்’ என்றால் பயணம் புறப்படுவது, பட்டாசைக் கொளுத்துவது, வருமான வரிக் கணக்கில் நஷ்டத்தை இலாபத்தில் கழிப்பது. இவற்றை வாக்கியத்தோடு பழகிக்கொள்வதே வழி.

தொகுதி என்ற பொருளில் வரும் ‘செட்’ வேறு ஆள். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சமயப் பிரிவைச் சொல்லும் ‘செக்ட்’ அதற்கு உடன்பிறப்பு. உருவம் ஒன்றாகிவிட்டதால் பழைய வினைச்சொல்லோடு கலந்துவிட்டது. நகை செட், செட் தோசை, ‘எங்க காலேஜ் செட்’ எல்லாம் இந்த வழி வந்தவை. கணக்குப் பாடத்தில் இதையே நாம் கணம் என்கிறோம், இலங்கையில் தொடை என்கிறார்கள்.

‘செட் ஆகலை’ நம் சொந்தத் தயாரிப்பு. சட்டை அளவு சரியில்லை என்றால் ஆங்கிலத்தில் ‘ஃபிட்’ ஆகவில்லை. அளவு சரி, ஆளுக்கு எடுப்பாக இல்லை என்றால் ‘சூட்’ ஆகவில்லை. இருவருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் ‘கெட் ஆன்’ ஆகவில்லை. நாம் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். எனக்கு இதில் குறை தெரியவில்லை. தமிழில் தாராளமாகச் சொல்லட்டும். ஆங்கிலத் தேர்வில் மட்டும் எழுத வேண்டாம், மதிப்பெண் போய்விடும்.