லேப்டாப் இங்கே, குக்கர் அங்கே

கேள்வி: என் மகள் ஆகஸ்ட் மாதம் எம்.எஸ். படிக்க அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போகிறாள். கல்விக் கடன் வாங்கித்தான் அனுப்புகிறோம். லேப்டாப், போன், மிக்சி, ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் என்று பெரிய பட்டியலே போட்டு வைத்திருக்கிறோம். டாலஸில் இருக்கும் என் நாத்தனார் மகன், "எதுவும் வாங்காதீங்க அத்தை, இங்கே எல்லாமே மலிவு" என்கிறான். கடைக்காரரோ, "ஒரு கன்வெர்ட்டர் போட்டா எல்லாம் அங்கே ஓடும்மா" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இருவர் பேச்சையும் முழுதாகக் கேட்க வேண்டாம் அம்மா. லேப்டாப்பை இங்கேயே வாங்குங்கள். குக்கர், அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹேர் டிரையர் எதையும் இங்கே வாங்காதீர்கள். மிக்சியும் போனும்தான் யோசிக்க வேண்டியவை.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட் பாதியாகக் குறைந்தால் சூடாக்கும் கருவியின் திறன் கால் பங்காகிவிடும். இங்கே 1500 வாட் காட்டும் கெட்டில் அங்கே ஏறத்தாழ 400 வாட்தான் தரும். ஒரு காபிக்கு வெந்நீர் வைக்கவே பொறுமை போய்விடும். குக்கருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் இதே கதிதான். கடைகளில் கிடைக்கும் சின்ன அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. வோல்ட்டை உயர்த்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 750 வாட் மிக்சியைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் பல கிலோ எடை இருக்கும். 23 கிலோ பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பிடித்த பருப்புப்பொடியை வெளியே எடுத்து வைக்க வேண்டுமா? கன்வெர்ட்டர் யோசனையை விட்டுவிடுங்கள்.

மிக்சி விஷயத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ப்ரீத்தி போன்ற நம் நிறுவனங்கள் வெளிநாட்டுக்கென்றே 110 வோல்ட் மிக்சி செய்கின்றன. அமெரிக்க பிளெண்டர்கள் ஸ்மூத்தி அடிப்பதற்கானவை. தேங்காய்ச் சட்னிக்கும் இட்லி மாவுக்கும் நம் மிக்சிதான் லாயக்கு. ஆனால் டாலஸைச் சுற்றியுள்ள இர்விங், பிளேனோ, ஃப்ரிஸ்கோ பகுதிகளில் இந்தியக் கடைகள் ஏராளம், அங்கேயும் இது கிடைக்கும். மகளோடு தங்கப்போகும் பெண்களை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு நாலு மிக்சி எதற்கு? பல்கலைக்கழக விடுதி அறை என்றால் சமையல் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி லேப்டாப். அதன் சார்ஜரின் மேல் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்: 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். உலகத்தில் எங்கே செருகினாலும் வேலை செய்யும். பெரும்பாலான சார்ஜர்களில் சுவரில் செருகும் ஒயர் தனியாகக் கழன்று வரும். அந்த ஒயரை மட்டும் அமெரிக்காவில் வாங்கி மாற்றிக்கொண்டால் அடாப்டர்கூடத் தேவையில்லை.

அங்கே மலிவு என்று உங்கள் நாத்தனார் மகன் சொல்வது பொய்யல்ல. இங்கே 18 சதவீத ஜி.எஸ்.டி.; டெக்சாஸில் விற்பனை வரி அதிகபட்சம் 8.25 சதவீதம். அந்த வரி விலைச்சீட்டில் இருக்காது, பில் போடும்போதுதான் சேரும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடேயில் விலை நன்றாகவே இறங்கும். ஆனால் வகுப்பு ஆகஸ்டில் தொடங்கிவிடுகிறதே! முதல் வாரமே அசைன்மென்ட் வந்துவிடும். வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு திறப்பது, கல்லூரிப் பதிவு என்று அலையும் நாட்களில், கையில் இருக்கும் டாலரை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பெண்ணைக் கம்ப்யூட்டர் கடைக்கும் அலையவிடுவது நியாயமில்லை. புதிதாகப் போனவர்களுக்கு அங்கே கடன் வரலாறு இருக்காது என்பதால் தவணையில் வாங்குவதும் எளிதல்ல.

உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. படிப்புக்குத் தேவையான கணினியின் விலையை வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். மேலாளரிடம் கேளுங்கள். பில் மகள் பெயரில் இருக்கட்டும்.

வாங்கும் முன், அவள் சேரும் துறை எப்படிப்பட்ட கணினி வேண்டும் என்று சொல்லியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் மாணவர்கள் பயன்படுத்தும் சாலிட்ஒர்க்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆசைப்பட்டு மேக்புக் வாங்கிவிட்டு அங்கே போய்த் திண்டாடக் கூடாது. அடுத்தது சர்வதேச வாரண்டி. ஒரே நிறுவனத்தில் ஒரு மாடலுக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல், அந்த மாடலுக்கு அமெரிக்காவில் சர்வீஸ் உண்டா என்று நிறுவனத்திடமே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே வாங்கி, மகள் அதைத் தினமும் பயன்படுத்தட்டும். குறை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

போனைப் பொறுத்தவரை, இப்போது கையில் இருப்பது நல்ல நிலையில் இருந்தால் புதிது வேண்டாம். அங்கே வேலை செய்யுமா என்பதை மட்டும் சோதியுங்கள். அமெரிக்காவின் பெரிய நெட்வொர்க்குகள் 2022-லேயே 3ஜி சேவையை மூடிவிட்டன. இப்போது குரல் அழைப்பும் 4ஜி, 5ஜி வழியாகவே போகிறது. இந்தியச் சந்தைக்கென்று செய்த சில போன்களில் இன்டர்நெட் வரும், அழைப்பு போகாது. *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும், அதை ஏ.டி. அண்ட் டி., டி-மொபைல் போன்ற நிறுவனங்களின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அந்தப் போன் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் அங்கே போய் வாங்கட்டும், ஆனால் அன்லாக் செய்த போனாக இருக்க வேண்டும்.

அங்கே ஐபோன் வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2022-இல் வந்த ஐபோன் 14-லிருந்து அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். இங்கே வாங்கிய, சிம்மும் இ-சிம்மும் சேர்ந்த போன் என்றால் நம் ஊர் சிம்மை அப்படியே வைத்துக்கொண்டு அமெரிக்க எண்ணை இ-சிம்மாகப் போட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர் எண் உயிரோடு இருப்பது மிக முக்கியம். கடன் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பவர் பேங்க் எடுத்துப் போனால் 100 வாட்-ஹவருக்குள் இருக்க வேண்டும், 20,000 எம்.ஏ.எச். சுமார் 74 வாட்-ஹவர்தான், பயமில்லை. அதைக் கைப்பையில் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. பிரிண்டர் வேண்டவே வேண்டாம். பல நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜ் நாட்டுக்கு நாடு மாறும்.

மகள் விமானம் ஏறும் முன், வங்கியில் பதிவு செய்த எண்ணுக்கு இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கேயே ஆன் செய்துவிடுங்கள். ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது.