குறைந்த மின்சாரத்தில் ஒரு ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்

டிவியுடன் ஒரு கம்ப்யூட்டரை நிரந்தரமாக இணைத்து, நம்மிடம் உள்ள படங்கள், பாட்டுகள், கல்யாண வீடியோக்கள் எல்லாவற்றையும் சோபாவில் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. இதற்கு வேகமான பிராசசரும் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கரண்ட் கணக்கு. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய டவர் கம்ப்யூட்டர் ஒன்று 70 வாட் எடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். இரவு பகலாக ஆன் செய்தே வைத்திருந்தால் இரண்டு மாதத்தில் சுமார் 100 யூனிட். 2016-ல் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று அறிவித்ததே 100 யூனிட்தான்! அதுவே 10 வாட் கம்ப்யூட்டர் என்றால் 15 யூனிட் கூட ஆகாது.

படம் ஓடுவது எப்படி?

வீடியோ ஃபைல்கள் இடம் மிச்சமாகும்படி சுருக்கப்பட்டவை. படம் ஓடும்போது நொடிக்கு 24 ஃபிரேம்களையாவது விரித்துக் காட்ட வேண்டும். பிராசசரே இதைச் செய்தால் திணறிவிடும். ஃபேன் இரையும், படம் விட்டு விட்டு ஓடும், கரண்டும் செலவாகும். அதனால் பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் இந்த வேலைக்கென்றே தனி சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். அது சில வாட்டிலேயே வேலையை முடித்துவிடும்.

ஆனால் அந்த சர்க்யூட்டுக்குத் தெரிந்த ஃபார்மேட் மட்டும்தான் தெரியும். எச்.264 பழையது, எல்லாவற்றுக்கும் தெரியும். 4கே படங்களில் அதிகம் வரும் 10 பிட் எச்.இ.வி.சி, இன்டெல்லில் ஏழாவது தலைமுறை முதல்தான் முழுமையாக ஓடும். ஆறாவது தலைமுறைக்கு 8 பிட் மட்டுமே. ஏவி1 என்ற புதிய ஃபார்மேட் பதினொன்றாவது தலைமுறையில் வந்தது. ஆகவே இந்த வேலைக்கு ஆறாவது தலைமுறை ஐ7-ஐ விட ஏழாவது தலைமுறை ஐ3 மேல். பெயரில் கோடுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள்: ஐ3-7100டி என்றால் ஏழு, ஐ5-10500டி என்றால் பத்து. கடைசியில் 'டி' இருந்தால் அது 35 வாட் பிராசசர். சும்மா இருக்கும்போது அதைவிட மிகக் குறைவாகவே எடுக்கும்.

எதை வாங்கலாம்?

நான் சொல்வது, அலுவலகங்களில் இருந்து கழித்து விற்கப்படும் மினி கம்ப்யூட்டர்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் டைனி போன்றவை. தடிமனான புத்தகம் அளவுதான் இருக்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடலாம். 4 ஜிபி ராம், 128 ஜிபி எஸ்எஸ்டி போதும். படங்களை யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக் கொள்ளுங்கள். புதிதுதான் வேண்டும், ஏவி1-ம் ஓட வேண்டும் என்றால் 2023-ல் வந்த இன்டெல் என்100 உள்ள மினி கம்ப்யூட்டர் நல்லது. அந்தப் பிராசசர் வெறும் 6 வாட். ராஸ்பெர்ரி பை 5-ஐயும் சிலர் சொல்வார்கள். கேஸ், அடாப்டர், மெமரி கார்டு எல்லாம் சேர்த்தால் பெரிய மிச்சம் தெரியவில்லை.

பழையதை வாங்கினால் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சோதியுங்கள். ஒரு 4கே 10 பிட் எச்.இ.வி.சி ஃபைலை பென் டிரைவில் கொண்டு போய் விஎல்சி பிளேயரில் ஓட விடுங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் ஜிபியு-வைக் க்ளிக் செய்யுங்கள். 'வீடியோ டீகோட்' வரைபடம் ஏறி, சிபியு குறைவாகவே இருந்தால் சரி. சிபியு 100-ஐத் தொட்டால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம். எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருந்தால் கன்வெர்ட்டர் செலவு தனி.

சாஃப்ட்வேருக்குச் செலவே இல்லை. லிப்ரெஎலெக் என்ற இலவச லினக்ஸ், கோடி என்ற மீடியா பிளேயரை மட்டும் திரையில் கொண்டு வந்து நிறுத்தும். பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். எஸ்எஸ்டியில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், கவனம்! படம் ஓடும்போது கீபோர்டில் 'ஓ' எழுத்தைத் தட்டினால் டீகோடர் பெயர் தெரியும். அதன் பக்கத்தில் 'எச்டபிள்யூ' என்று இருந்தால் தனி சர்க்யூட்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒரு விஷயம். நீங்கள் பார்ப்பது முழுக்க முழுக்க சந்தா ஓடிடி படங்கள் என்றால் இதெல்லாம் வேண்டாம். லினக்ஸில் பல ஓடிடி தளங்கள் முழுத் தரத்தில் படம் தருவதில்லை. டிவியில் செருகும் ஸ்டிக் ஒன்றே போதும்.

டிவி ரிமோட் பெரும்பாலும் இந்த மினி கம்ப்யூட்டர்களை இயக்காது. ஆண்ட்ராய்டு போனில் 'கோர்' என்ற ஆப்பைப் போட்டுக் கொள்ளுங்கள். கோடியின் செட்டிங்ஸில் சர்வீசஸ், கன்ட்ரோல் போய் எச்டிடிபி வழி ரிமோட்டை அனுமதியுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போன்தான் ரிமோட்.