கார்ப்பரேஷன் ஜட்ஜ் என்று ஒருவர் திருச்சியில் இல்லை

“கார்ப்பரேஷன் போட்ட கேஸு சார். ஜட்ஜும் கார்ப்பரேஷன் ஆளு. போயி நின்னு என்னா ஆவப்போவுது?” காந்தி மார்க்கெட்டில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வெங்காய மண்டி மூட்டைக்காரரும் சொல்கிறார், கீரைக்கட்டு விற்கும் அம்மாவும் சொல்கிறார். பட்டம் வாங்கிவிட்டு அப்பாவின் கடையில் கணக்கு எழுதும் பிள்ளையும் அதையே சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. வக்கீலாகச் சொல்கிறேன்: இது பொய். இந்தப் பொய்யை நம்பி ஏழைகள் வாரண்டு வாங்குகிறார்கள்.

உங்கள் கைக்கு வந்த சம்மனை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். புகார்தாரர் என்ற இடத்தில் மாநகராட்சி அதிகாரியின் பதவி இருக்கும். வதந்தி பிறப்பது அந்த வரியில்தான். புகார் கொடுத்தவர் அவர். விசாரிப்பவர் அவர் அல்ல. கீழே வட்ட முத்திரையைப் பாருங்கள்: நீதித்துறை நடுவர் நீதிமன்றம். கன்டோன்மென்ட் கோர்ட் வளாகத்தில் அந்த மாஜிஸ்திரேட் முன்னால் மாநகராட்சியும் ஒரு கட்சிக்காரர், நீங்களும் ஒரு கட்சிக்காரர். குற்றத்தை மாநகராட்சிதான் நிரூபிக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர் சாட்சிக் கூண்டில் ஏறினால் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த நாற்காலிக்கு ஆள் போடுவது மேயரும் இல்லை, ஆணையரும் இல்லை, கவுன்சிலும் இல்லை. அரசியலமைப்பின் 234-வது பிரிவுப்படி டி.என்.பி.எஸ்.சி.யையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து வகுத்த விதிகளின்படி ஆளுநர் பெயரில் நியமனம் நடக்கிறது. 235-வது பிரிவுப்படி இடமாறுதலும் ஒழுங்கு நடவடிக்கையும் உயர் நீதிமன்றத்தின் கையில். சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. இரண்டாம் தேசிய நீதித்துறை ஊதியக் குழு தொடக்க அடிப்படைச் சம்பளமாகப் பரிந்துரைத்தது 77,840 ரூபாய். மாநகராட்சி அதில் ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை.

தகுதியும் சாதாரணமானதல்ல. சட்டப் பட்டம் வேண்டும். முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகம் மூன்றையும் தாண்ட வேண்டும். முதன்மைத் தேர்வில் சட்டத் தாள்களோடு மொழிபெயர்ப்புக்கென்றே தனித் தாள் உண்டு. மார்க்கெட்டு சாட்சி தமிழில் சொல்வதை ஒழுங்காக ஆங்கிலத்தில் கொண்டுபோகத் தெரியாதவர் அந்தத் தாளிலேயே நின்றுபோவார். கல்லூரியை விட்டு வந்த கையோடு எழுதும் வழியும் இருந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இனிவரும் தேர்வுகளுக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என்றது. நியமனமானவர்கள் ஓராண்டுப் பயிற்சி முடித்த பிறகே வழக்கு விசாரிக்கலாம் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. பிடியாணையோடு வந்து நிற்பவரின் கை நடுங்குவதை வக்கீலாக நின்று பார்த்தவர் நீதிபதியானால் அந்த அனுபவம் தீர்ப்பிலும் தெரியும்.

பிறகு இந்தக் கதை எங்கிருந்து வந்தது? செல்போன் வீடியோவிலிருந்து ஒரு பங்கு. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகர நீதிபதியாக இருந்த ஃபிராங்க் கேப்ரியோ பார்க்கிங் அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் காட்சிகளை மார்க்கெட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அது அந்த நகரத்தின் சொந்தக் கோர்ட். அங்கே நீதிபதியை நகர மன்றம் தேர்ந்தெடுக்கிறது. இன்னொரு பங்கு பழைய நினைவு. வெள்ளைக்காரன் காலத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சட்டம் படிக்காமலே கௌரவ மாஜிஸ்திரேட்டுகளாக உட்கார்ந்தார்கள். டெல்லி, கொல்கத்தா மாநகராட்சிச் சட்டங்களில் முனிசிபல் மாஜிஸ்திரேட் என்றே பதவி உண்டு. அவரையும் நியமிப்பது அரசுதான், மாநகராட்சி அல்ல.

வதந்தியால் லாபம் பார்க்கிறவர் தரகர். “ஆபீஸ்ல சொல்லி முடிச்சுடறேன்” என்று காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். வாய்தாவுக்கு நீங்கள் போகவில்லை, பிடியாணை வருகிறது. 300 ரூபாய் அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்குக்குப் போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. தயவுசெய்து வாய்தாவுக்குப் போங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். பிளாஸ்டிக் பைக்கு ரசீது கிழிக்கும் அதிகாரி நீதிபதி அல்ல. அது நிர்வாக அபராதம். தாசில்தாரும் கோட்டாட்சியரும் நிர்வாக நடுவர்கள். 1974 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமே அவர்களை நீதித்துறை நடுவர்களிடமிருந்து பிரித்துவிட்டது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் நினைத்த தண்டனையெல்லாம் தர முடியாது. இன்றைய சட்டப்படி உச்சம் மூன்றாண்டுச் சிறை, 50,000 ரூபாய் அபராதம். மார்க்கெட்டை மூடுவது, திறப்பது அவர் வேலையே இல்லை. 2020-ல் கொரோனாவுக்காக மூடிய காந்தி மார்க்கெட்டைத் திறப்பது பற்றிய வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில்தான் நடந்தது. வக்கீல் வைக்கக் காசில்லை என்பதும் சாக்கு ஆகாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

தரைக்கடைக்காரர்களுக்கு இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. 2014-ம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டத்தின் 20-வது பிரிவு, உங்கள் புகார்களை விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்கிறது. அதன் தலைவர் உரிமையியல் நீதிபதியாகவோ நீதித்துறை நடுவராகவோ இருந்தவராக இருக்க வேண்டும். மாநகராட்சி அதிகாரி அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அதே சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் எழுதி உங்கள் கையில் தர வேண்டும். அழுகும் சரக்கானால் நீங்கள் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவை இரண்டு வேலை நாளுக்குள். தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போன வண்டிக்குப் பின்னால் ஓடி அழுவதை விட்டுவிட்டு, முதலில் பட்டியல் கேளுங்கள். சங்கத்துக்காரர்கள் ஒன்று சேர்ந்து, திருச்சியில் அந்த 20-வது பிரிவுக் குழுவின் தலைவர் யார், எங்கே உட்கார்கிறார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும்.