சாவித் துவாரத்தில் ஒரு காது

அன்புள்ள பாப்பா,

'1984' நாவலின் மூன்றாம் பகுதியைத் தொடங்கியதுமே மூடிவைத்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். ஏழு வயதுப் பிள்ளை பெற்ற அப்பாவைக் காட்டிக்கொடுக்குமா, கதைக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று கேட்டாயாம். ஃபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த அப்பா பார்சன்ஸ், நாட்டை ஆளும் பெரியண்ணனுக்கு எதிராகத் தூக்கத்தில் உளறுகிறான். மகள் சாவித் துவாரத்தில் காதை வைத்துக் கேட்கிறாள். மறுநாளே காவல்படையிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள். அவனோ சிறையில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையைச் சரியாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்படுகிறான். உனக்கு அந்தப் பெண்மேல் கோபம். எனக்கு அவனுடைய பெருமைதான் பயமாக இருக்கிறது.

இப்படி ஒரு பிள்ளையைக் கொண்டாடிய நாடு உண்மையிலேயே இருந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் இந்த நாவல் வந்தது 1949-ல். அதற்குப் பதினேழு வருடம் முன்பு, 1932-ல், சோவியத் நாட்டின் கெராசிமோவ்கா கிராமத்தில் பாவ்லிக் மொரோசோவ் என்ற சிறுவன் கொல்லப்பட்டான். சொந்த அப்பாவையே அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்த வீரன் என்று சொல்லி அவனுக்குச் சிலைகள் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவனை முன்மாதிரியாகக் காட்டினார்கள். அந்தக் கதையில் எவ்வளவு உண்மை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். முழுக்கப் பொய்யாகவே இருக்கட்டும். இப்படி ஒரு பிள்ளை வேண்டும் என்று ஓர் அரசு ஆசைப்பட்டதே!

ஏன் ஆசைப்பட வேண்டும்? ஒரு நினைப்பு நம் மனசுக்குள் வரும்போது அரைகுறையாகத்தான் வரும். அதை வாய்விட்டுச் சொல்ல, கேட்டு மறுத்துப் பேச, பேசியதை வாசல் தாண்டிக் கொண்டுபோகாமல் இருக்க ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அந்த ஆள் வீட்டில்தான் இருப்பார். சாப்பாட்டு நேரத்தில் நீ உன் அம்மாவோடு சண்டை போடுகிறாயே, அதுதான். வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பயந்துவிட்டால், தடைச்சட்டம் எதுவும் தேவைப்படாது. அந்த நினைப்பு பிறந்த இடத்திலேயே செத்துப்போகும்.

ஆர்வெல்லுக்கு முன்பே இதைக் கண்டுகொண்டவர் ரஷ்யரான ஸம்யாதின். 'நாம்' என்ற அவருடைய நாவலில் எல்லோரும் கண்ணாடி வீட்டில் இருக்கிறார்கள். பெயருக்குப் பதில் எண். 1932-ல் ஹக்ஸ்லி எழுதிய 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் குழந்தைகள் புட்டியில் வளர்கின்றன. 'அம்மா' என்பது கூசவைக்கும் கெட்ட வார்த்தை. லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' உன் வயதுக்காரர்களுக்கென்றே எழுதியது. அதில் பன்னிரண்டு வயது ஜோனஸ், என்னிடம் உங்களுக்கு அன்பு உண்டா என்று கேட்கிறான். அம்மாவும் அப்பாவும் அதட்டவில்லை, அடிக்கவில்லை. அது பொருளற்ற பழைய சொல், சொற்களைத் துல்லியமாகப் பயன்படுத்து என்று சிரித்தபடி திருத்துகிறார்கள். சொல் போனபின் அந்த உணர்ச்சியைக் கேட்டு வாங்கக்கூட அவனுக்கு வழியில்லை.

இனி, '1984'-ல் நீ படித்துக் கடந்துவிட்ட ஓர் இடத்துக்குத் திரும்புவோம். கதாநாயகன் வின்ஸ்டன் சிறுவனாக இருந்தபோது வீட்டில் பசி. ரேஷனில் கிடைத்த சாக்லேட்டில் முக்கால் பங்கை அம்மா அவனுக்கே கொடுக்கிறாள்; அவன் நோஞ்சான் தங்கையின் கால் பங்கையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். அம்மா அந்தக் குழந்தையைக் கையால் வளைத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். அணைத்தால் சாக்லேட் திரும்பி வராது; குழந்தையின் பசியும் தீராது. ஆனாலும் அணைக்கிறாள். அவன் திரும்பி வரும்போது இருவரும் காணாமல் போயிருக்கிறார்கள். நாவலில் ஆளும் கட்சியால் கணக்கில் கொண்டுவர முடியாத செயல் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பயனில்லாத அந்த அணைப்பை எந்த அதிகாரிக்கும் நியாயப்படுத்திக் காட்ட முடியாது. யாரும் கட்டளையிட்டு வரவழைக்கவும் முடியாது.

விட்ட பக்கத்திலிருந்து தொடர்ந்து படி. சித்திரவதைப் பக்கங்கள் கஷ்டமாக இருக்கும், அவசரப்படாதே. முடிவதற்குச் சில பக்கங்கள் முன்னால், ஒரு மழை நாளில் அம்மாவோடு உட்கார்ந்து பாம்பும் ஏணியும் விளையாடியது வின்ஸ்டனுக்கு நினைவு வரும். நம் ஊர்ப் பரமபதம் மாதிரியான விளையாட்டுதான். குட்டித் தங்கையும் கூடவே சிரிப்பாள். அந்த நினைவை அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா