சைக்கிள் பிரயாணிக்கு வேண்டிய பழுது நீக்கும் பை

பால் உற்பத்தியாளர் சங்கத்திற்குக் காலையில் சைக்கிளில் பால் கொண்டு செல்லும் அங்கத்தினர் ஒருவரின் பின்சக்கரம் நடுவழியில் காற்றிழக்குமாயின், அவருக்கு நேரும் நஷ்டம் பஞ்சர் ஒட்டும் கூலி மாத்திரமன்று. வெயில் ஏற ஏறப் பால் புளிக்கத் தொடங்கும். பால் வண்டியும் அவருக்காகக் காத்திராது. ஆகையால், கடை அருகிலில்லாத சாலையில் செல்வோர் சில உபகரணங்களைத் தம்முடன் வைத்திருத்தல் அவசியம். ஆயினும் அச்சத்தினால் ஒரு பட்டறையையே பையில் நிரப்புவோரும் உளர். அத்தகைய பை அதன் கனத்தினாலேயே இரண்டொரு வாரத்தில் வீட்டு ஆணியில் தொங்கத் தொடங்கிவிடும். பழுது நேரும் நாளிலோ அது பிரயாணியிடம் இராது.

எந்தக் கருவியை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைக் கடைக்காரரின் அலமாரியைக் கொண்டு தீர்மானித்தலாகாது. எந்தப் பழுது அடிக்கடி நேர்கிறது, அதனைச் சாலையோரத்தில் தனியொருவர் நீக்க இயலுமா, தம்முடைய சைக்கிளுக்கு அக்கருவி பொருந்துமா என்ற மூன்றையும் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

அடிக்கடி நேர்வது பஞ்சர். சீமைக் கருவேல முள் பரவிய பாதைகளில் இதைச் சொல்லவும் வேண்டியதில்லை. கம்பிப் பிரேக்கும் செயின் மூடியும் உள்ள சாதாரணக் கனச் சைக்கிளில் பின்சக்கரத்தைக் கழற்றுவது பெருந்தொல்லை. எனவே அதற்கு மாற்று டியூபைச் சுமப்பதைவிட ஒட்டுத் துண்டுகளே ஏற்றவை. சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு பக்கமாக டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். டயர் நெம்பும் லீவர் இரண்டு, உப்புத்தாள் ஒரு துண்டு, சொல்யூஷன் குழாய் ஒன்று, நாலைந்து ஒட்டுத் துண்டுகள், சிறு கைப்பம்பு ஆகியவை போதும். இவற்றுடன் இரண்டங்குல நீளம் வால் டியூப் மறக்கலாகாது. டன்லப் வால்வு உள்ள சைக்கிளில் பஞ்சர் என்று எண்ணப்படுவது பல வேளைகளில் இந்த மெல்லிய ரப்பர் நைந்துபோனதே. இதன் கனம் ஒன்றுமில்லை; விலையும் அவ்வாறே.

சக்கரத்தை ஒரு நெம்புகோலால் நொடியில் விடுவிக்கும் மெல்லிய பந்தயச் சைக்கிள் உடையோர்க்கு முறை வேறு. அவர்கள் மாற்று டியூப் ஒன்றை எடுத்துச் சென்று, பழையதை வீட்டில் ஒட்டிக்கொள்வதே நலம். அவ்வகைச் சைக்கிள்களில் பெரும்பாலும் 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவிகளே வேண்டியிருக்கும். ஸ்பானர் வீண் சுமை. கரியமில வாயு அடைத்த 16 கிராம் குப்பியைச் சிலர் விரும்புவர். அது ஒரு முறைக்கே உதவும். மேலும் அவ்வாயு காற்றைவிட விரைவில் ரப்பர் வழியே கசியுமாதலால் மறுநாள் மீண்டும் காற்றடிக்க நேரும். பம்புக்கு அது ஈடாகாது.

ஒட்டுவதில் அவசரம் கூடாது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, அது விரலில் ஒட்டாத அளவு உலரும்வரை பொறுத்தே துண்டை அழுத்த வேண்டும். அதற்கு முன் டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பார்க்க வேண்டும். முள் இருப்பின் துணி சிக்கும், விரல் தப்பும். முள்ளை எடுக்காமல் ஒட்டியவர் அரை மைலுக்குள் மீண்டும் இறங்குவது நிச்சயம்.

அடுத்தது செயின். கனச் சைக்கிளுக்குக் கிளிப்புடன் கூடிய இணைப்புக் கண்ணி ஒன்று போதும். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். நட்டுகளுக்கு எலும்பு வடிவப் பலதுளை ஸ்பானர் நன்று. ஆனால் மலிவான இரும்பினாலானது நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும்.

சில பழுதுகளுக்கு எப்பையும் உதவாது. 1913-ஆம் ஆண்டு டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில், தூர்மலே கணவாயிலிருந்து இறங்குகையில் யூஜீன் கிறிஸ்தோப் என்பாரின் சைக்கிளின் முன்கவை முறிந்தது. பிறர் உதவி பெறலாகாதென்பது அப்போதைய விதி. அவர் சைக்கிளைச் சுமந்து மலையடிவாரக் கிராமம்வரை நடந்து, கொல்லன் உலையில் தாமே அதனைச் செப்பனிட்டார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதியதற்காக அவருக்குத் தண்டனை நேரமும் விதிக்கப்பட்டது! இத்தகைய முறிவுக்கென்று கருவி சுமப்பது வீண்; புறப்படுமுன் முன்கவையில் விரிசல் உண்டா என்று பார்ப்பதே செய்யத்தக்கது. காட்டர் பின் தளர்ந்துள்ளதா என்பதையும் அவ்வாறே பார்க்க வேண்டும். அதனை இறுக்கச் சுத்தியல் வேண்டும்.

சுத்தியல், ஆரக்கம்பிச் சாவி, பெரிய கால் பம்பு முதலியவற்றைச் சங்கக் கட்டிடத்தில் பொதுவாக ஒரு தொகுதி வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் பத்துச் சுத்தியல் வாங்குவதைவிட ஒன்றை நல்லதாக வாங்குவது சிக்கனம். ஒவ்வொருவர் பையும் இலகுவாகும். எடுத்தவர் பெயரைக் குறிக்க ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருத்தல் நலம். இன்றேல் முதலில் மறைவது சாவியே.

பை தயாரானதும் விடுமுறை நாளொன்றில், வேறு எக்கருவியையும் தொடாமல், அதைக் கொண்டே பின் டியூபை வெளியே எடுத்து மீண்டும் பொருத்திக் காற்றடித்துப் பார்க்க வேண்டும். பயன்படாத கருவியும் வாங்க மறந்த பொருளும் அன்றே தெரிந்துவிடும். ஒருமுறை திறந்த சொல்யூஷன் குழாய் சில மாதங்களில் உள்ளேயே உலர்ந்துபோகுமாதலால், அதை அவ்வப்போது அழுத்திப் பார்த்து மாற்றுதல் வேண்டும்.