முந்தானை எங்கே, தம்பி?

காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. எல்லாம் வெப்ஃப்ளோ என்ற கருவியில் இழுத்து வைத்து அமைத்தது. சேலைப் படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் மடிப்பு விலகி முந்தானை தெரியும். என் மடிக்கணினியில் பார்க்க அவ்வளவு அழகு. அக்கா தன் கைப்பேசியில் திறந்தார். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “முந்தானை எங்கே, தம்பி?” என்றார்.

கைப்பேசியில் மவுஸ் கிடையாது. தொடுவதற்கு முன் விரல் எங்கே இருக்கிறது என்பது தொடுதிரைக்குத் தெரியாது. அன்றிரவே படத்தின் கீழ் ‘முந்தானை பார்க்க’ என்று ஒரு பொத்தான் வைத்து, தட்டினால் திறக்கும்படி மாற்றினேன். அசைவுகளை முதலில் கைப்பேசித் திரைக்கு அமைத்துவிட்டு, பிறகு பெரிய திரைக்குப் போவது நல்லது.

இரண்டாவது பாடத்தைக் கற்றுத் தந்தது நம் எழுத்து. ‘கைத்தறி’ என்ற தலைப்பு ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றட்டும் என்று ஓர் அசைவைத் தேர்ந்தெடுத்தேன். நமக்கு அது நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறிகள். கருவி அந்த ஏழையும் தனித்தனியே பிரித்துவிட்டது. ‘க’ தனியே நின்றது. அதன் ஐகாரக் குறி, புள்ளி வட்டம் ஒன்றை ஒட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தது. தமிழ்த் தலைப்பை அசைப்பதென்றால் சொல் சொல்லாகவோ வரி வரியாகவோதான் அசைக்க வேண்டும்.

நிரலை நாம் எழுதாவிட்டாலும் கருவி நமக்காக எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. உலாவி எந்தப் பக்கத்தையும் பெட்டிக்குள் பெட்டியாகத்தான் அடுக்கும். படம் ஒரு பெட்டி, விலை ஒரு பெட்டி, இரண்டையும் சுமக்கும் அட்டை இன்னொரு பெட்டி. இதைத் தாளில் பென்சிலால் வரைந்துகொண்டு உட்கார்ந்தால், திரை சுருங்கும்போது எது எதன் கீழே போகும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். நினைத்த இடத்தில் ஒட்டிவைத்த பொருள்களே சின்னத் திரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது வெளியேறும் வழியையும் பார்த்துவிட வேண்டும். 2012-ல் அடோபி வெளியிட்ட மியூஸும் நிரல் தெரியாத வடிவமைப்பாளர்களுக்காக வந்ததுதான். 2018-ல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள். 2020-ல் உதவியும் முடிந்தது. வெப்ஃப்ளோவின் கட்டணத் திட்டங்களில் பக்கங்களை ஏற்றுமதி செய்யலாம். ஆனால் வெளியே கொண்டுபோன பக்கத்தில் அதன் படிவங்கள் தாமாக வேலை செய்யா. அதனால் சேலைப் பட்டியல், விலை, அசல் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியைக் கடைக் கணினியிலேயே வைத்திருக்கிறோம்.

வேகத்துக்கு கூகுள் சொல்லும் அளவு ஒன்று உண்டு: பக்கத்தின் முக்கியமான படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் அது நடக்காது. சுருக்கி, வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றி ஏற்றியபோது, பட்டின் ஜரிகை மங்காமலே பக்கம் சட்டென்று திறந்தது.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் கடைக்காரர் கையிலேயே கைப்பேசியைக் கொடுத்து, “மாம்பழ நிறச் சேலையின் விலையைக் கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறேன். விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்வேன். காஞ்சிபுரத்து அக்கா மூன்றே தட்டில் விலைக்குப் போய்விட்டார். நான்காவது தட்டில் முந்தானையைத் திறந்து, பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம் காட்டினார்.