வானத்துக்கு ஒரு கண்சாட்சி

வானிலையைக் குறித்து நாம் அறியும் செய்திகள் இரு வகைப்படும். வெப்பமானி, பாரமானி, மழைமானி முதலிய கருவிகள் எண்ணாற் கூறுவது ஒரு வகை. கண்ணாற் கண்டறிவது மற்றொரு வகை. பாரமானி காற்றின் அழுத்தத்தை நுட்பமாய்க் காட்டுமேயன்றி, எதிரேயுள்ள மலையை மூடுபனி மறைத்திருக்கின்றதா என்பதைக் காட்டமாட்டாது. அதற்கு ஒரு கண் வேண்டும். நமக்குப் பதிலாக ஓரிடத்தில் இராப்பகலாய் நின்று, தான் காண்பதை உடனுக்குடன் இணையத்தின் வழியே ஊரார் அனைவர்க்கும் அறிவிக்கும் கண்ணே வானிலை வெப்காமிரா. அதனை அமைக்குமாறும், பிறரோடு பகிர்ந்துகொள்ளுமாறும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதன் வரலாறு கல்விச்சாலைகளோடு தொடர்புடையது. 1991-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் சிலர், பாத்திரத்திற் காப்பி எஞ்சியிருக்கின்றதா என்பதைத் தம் இருக்கையிலிருந்தே அறியும்பொருட்டு அதன் எதிரே ஒரு காமிராவை வைத்தனர். 1994-இல் அமெரிக்காவிலுள்ள சான்பிரான்சிஸ்கோ மாநிலச் சர்வகலாசாலையின் மாணாக்கர் இருவர் வெளியுலகை நோக்கி ஒரு காமிராவை அமைத்து, மூடுபனிக் காமிரா என்னும் பொருள்பட ‘ஃபாக்கேம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். குளிர்ந்த பசிபிக் கடல்நீரின்மேல் வரும் ஈரக்காற்று கோடைகாலத்தில் மூடுபனியாகி அந்நகரின் மேல்பாகத்தை அடிக்கடி மறைக்குமாதலின், அப்பெயர் பொருத்தமுடையதே. காமிராவை வைப்பதற்கு நல்ல காட்சியுடைய இடம் இல்லையென்று 2019-ஆம் ஆண்டில் அதனை நிறுத்திவிட அவ்விருவரும் கருதினர். பலரும் வருந்தவே, சர்வகலாசாலையே அதன் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. ஒரு காமிராவைத் தொடங்க இருவர் போதும். அதனை நிலைநிறுத்த ஒரு ஸ்தாபனத்தின் ஆதரவு வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய காமிரா வேடிக்கைப் பொருளாக மாத்திரம் நின்றுவிடுவதில்லை. அலாஸ்கா மாநிலத்தில் சாலைத் தொடர்பற்ற ஊர்கள் பல உள. அங்கே மருந்தும் தபாலும் நோயாளிகளும் சிறு விமானங்களிலேயே செல்லவேண்டும். விமானிகள் மலைக் கணவாய்களினூடே கண்ணை நம்பிப் பறப்பவர்கள். கணவாயை மேகம் அடைத்திருப்பின் உயிருக்கே மோசம். ஆகவே அமெரிக்க அரசாங்கத்தின் விமானப் போக்குவரத்து இலாகா 1999-ஆம் ஆண்டு முதல் அங்கே வானிலைக் காமிராக்களை நிறுவி வந்திருக்கிறது. அவை பத்து நிமிஷத்துக்கொரு முறை படம் அனுப்புவன. ஒவ்வொரு படத்தோடும், அதே இடம் தெளிவான நாளில் எவ்வாறு தோன்றும் என்பதைக் காட்டும் மற்றொரு படமும் வைக்கப்படுகிறது. அதிலே சிகரங்களின் தூரமும் உயரமும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிடும் விமானி, தெரியாத சிகரம் எதுவெனக் கண்டு, பார்வை எத்தனை மைல் செல்லும் என்று கணித்துக்கொள்வான்.

இனி, ஓர் ஊராரோ கல்லூரியினரோ இதனை அமைக்க விரும்பின் கவனிக்கத்தக்கவை சில உள.

முதலாவது, இடம். உயர்ந்த கட்டடத்தின்மேல், காற்றில் அசையாத தூணிற் காமிராவைப் பொருத்துக. படத்தில் வானம் பெரும்பகுதியும், தூரம் அறியப்பட்ட கோபுரம், குன்று முதலியன சிறுபகுதியும் அமைதல் வேண்டும். வடகோளத்தில் வடக்கு நோக்கி வைப்பின் சூரியன் நேரே தாக்குவது குறையும். மின்னலுக்கு அஞ்சி, தூணை நிலத்தோடு இணைத்தல் அவசியம்.

இரண்டாவது, துப்புரவு. மழைத்துளி படியாதபடி கண்ணாடியின்மேல் ஒரு கூரை வேண்டும். இரவிற் காண உதவும் அகச்சிவப்பு விளக்கு பூச்சிகளை ஈர்க்கும். பூச்சிகளை நாடிச் சிலந்தி வந்து வலை பின்னும். ஆதலால் அவ்வப்போது துடைப்பதற்கு ஒருவரை நியமிக்க.

மூன்றாவது, பகிரும் முறை. வினாடிக்கு 20 லட்சம் பிட் வீதம் இடையறாது சலனப்படம் அனுப்பின், ஒரு நாளில் 21.6 கிகாபைட் செலவாகும். பத்து நிமிஷத்துக்கு ஒரு படமாக 200 கிலோபைட் அளவில் அனுப்பின், நாளொன்றுக்கு 144 படங்கள்; செலவு 29 மெகாபைட்டுக்கும் குறைவு. மேகங்கள் நிதானமாக நகருமாதலின் பெரும்பாலும் இதுவே போதும். பார்ப்போர் அனைவரும் காமிராவையே அணுகவிடாமல், படத்தை ஒரு சர்வருக்கு அனுப்பி அங்கிருந்து யாவர்க்கும் வழங்குக. காமிராவோடு வரும் கடவுச்சொல்லை உடனே மாற்றுக. அவ்வாறு மாற்றப்படாத காமிராக்களையும் பிற கருவிகளையும் கைப்பற்றியே ‘மிராய்’ என்னும் தீய நிரல் 2016-ஆம் ஆண்டில் இணையத்தின் பல பாகங்களை முடக்கியது.

நான்காவது, அயலார் உரிமை. வீடுகளின் சன்னல்களும், விடுதிகளும், நீராடும் துறைகளும் படத்தில் விழலாகாது. வானத்தைக் காட்டப் புறப்பட்ட கருவி அயலாரை ஒற்றறியுமாயின், அஃது ஊருக்குச் செய்யும் உபகாரமாகாது.

ஐந்தாவது, எல்லாவற்றினும் மேலானது, உண்மை. ஒவ்வொரு படத்தின்மேலும் எடுத்த தேதியும் மணியும் பிழையின்றிப் பொறிக்கப்படல் வேண்டும். காமிரா பழுதுபட்டுப் படம் வராது நின்றால், காலையில் எடுத்த தெளிந்த வானமே மாலையிலும் பார்ப்போர் கண்முன் நிற்கும். அதனை நம்பிப் படகு ஏறுவோனும், மலை ஏறுவோனும், விமானம் செலுத்துவோனும் அபாயத்தில் அகப்படுவர். ஆகவே குறித்த நேரத்திற் புதுப்படம் வாராதாயின், பழைய படத்தை நீக்கி, ‘காமிரா இப்போது இயங்கவில்லை’ என்னும் அறிவிப்பு தானே தோன்றுமாறு செய்க. குருட்டுக் கண்ணினால் விளையும் தீமை சிறிது. பொய்ச்சாட்சி கூறும் கண்ணினால் விளையும் தீமை பெரிது. இக்காமிரா மழையின் அளவையோ நாளை வரும் புயலையோ கூறமாட்டாது என்பதையும், அவற்றிற்கு வானிலை இலாகாவின் அறிவிப்பையே நாடவேண்டும் என்பதையும் பார்ப்போர்க்குத் தெளிவாய் எழுதி வைத்தல் நம் கடமை.

நாள்தோறும் வரும் படங்களைச் சேமித்து ஒன்றன்பின் ஒன்றாய் ஓட்டிப் பார்த்தால், காலையில் முளைக்கும் சிறு மேகம் பிற்பகலில் இடிமேகமாய் வளரும் விதத்தை மாணாக்கர் கண்ணாரக் கண்டு கற்கலாம். இதற்கு வேண்டும் பொருட்செலவு அதிகமன்று. ஒழுங்காய்த் துடைக்கும் கையும், பழுதை மறையாது சொல்லும் நேர்மையும் இருப்பின், மாணாக்கர் தம் ஊருக்குச் செய்யும் தொண்டுகளில் இதுவும் ஒன்றாய் நிலைபெறும்.